விலையைக் குறைத்தால் வியாபாரம் நிலைக்குமா?

பனியனில் படமும் பெயரும் அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் இன்று ஊருக்கு ஊர் பெருகிவிட்டன. கல்லூரி வாசல், பஸ் நிலையம், கடைவீதி என்று எங்கு திரும்பினாலும், "உங்கள் படம், உங்கள் பெயர், உங்கள் டீ சர்ட்!" என்ற பலகை தொங்குகிறது. கைப்பேசியைத் திறந்தால் அதிலும் அதே விளம்பரம்தான். ஒரு கடைக்காரர் 250 ரூபாய் என்கிறார். அடுத்த கடைக்காரர் 220 என்கிறார். மூன்றாவது கடைக்காரர் 199 ரூபாய்க்கே தருவதாகக் கூவி அழைக்கிறார்.

இத்தனை பேருக்கும் பிழைப்பு நடக்கிறதா? இல்லை. ஓர் ஆயுத பூஜைக்குத் திறந்த கடை அடுத்த ஆயுத பூஜைக்குள் மூடப்படுவது சாதாரணக் காட்சியாகிவிட்டது. வீட்டு நகைகளை அடகு வைத்து வாங்கிய இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. நகையும் திரும்பவில்லை, கடனும் தீரவில்லை.

காரணம் கேட்டால், "போட்டி அதிகம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். போட்டி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதே தெருவில், அதே போட்டிக்கு நடுவே, ஒரு சிலர் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கிறார்களே, அது எப்படி? அவர்கள் எல்லோரையும்விட மலிவாகக் கொடுப்பவர்கள் அல்ல. எல்லோரையும்விட விலை உயர்ந்த இயந்திரம் வைத்திருப்பவர்களும் அல்ல. தங்கள் செலவைக் காசு பிசகாமல் அறிந்தவர்கள். எந்த வேலையை ஏற்பது, எதை வேண்டாம் என்பது என்று தெரிந்தவர்கள். சொன்ன நாளில் சரக்கைக் கொடுப்பவர்கள். இந்தத் தொழிலில் இலாபத்துக்கு வழி இதுதான். விலையைக் குறைத்துக்கொண்டே போவது நஷ்டத்துக்குத்தான் வழி.

எளிதில் வந்த தொழில்

இந்த அச்சுத் தொழிலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர், பட்டுத் துணியை இழுத்துக் கட்டி அதன் வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறைக்கு 1907-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று பட்டுக்குப் பதிலாகப் பாலியஸ்டர் வலை வந்துவிட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. வலை கட்டிய ஸ்கிரீனில் ஒளிபட்டால் இறுகும் மருந்தைப் பூசி, மேலே படத்தை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் உள்ள இடத்தில் மட்டும் வலைக்கண்கள் திறந்து நிற்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே உள்ள துணியில் படம் பதியும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறம் என்றால் மூன்று ஸ்கிரீன்.

1948-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் தாமஸ் டூவி என்பவருக்காகப் பனியனில் வாசகம் அச்சடித்துப் பிரசாரம் செய்தார்கள். தேர்தலில் டூவி தோற்றார். ஆனால் பனியனில் வாசகம் போடும் பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. சுழலும் மேஜையில் பல நிறங்களை வரிசையாக அச்சிடும் இயந்திரத்துக்கு மைக்கேல் வாசிலான்டோன் என்பவர் 1969-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் தொழில் இன்னும் வேகம் எடுத்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் திருப்பூர். 1920-களில் பனியன் நெசவில் கால் வைத்த ஊர். 1970-களின் கடைசியில் ஏற்றுமதியில் இறங்கிய ஊர். நூல் வாங்கும் இடம், துணி பின்னும் இடம், சாயம் போடும் இடம், வெட்டும் இடம், அச்சடிக்கும் இடம், தைக்கும் இடம் எல்லாம் ஒரே ஊரில்! காதர்பேட்டைக்குப் போனால் அச்சில்லாத பனியனை யார் வேண்டுமானாலும் மொத்த விலைக்கு வாங்கி வரலாம்.

படத்தைப் பிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டுப் பலகையால் துணியில் ஒட்டும் "டி.டி.எஃப்." முறை கடந்த சில ஆண்டுகளில் பரவிய பிறகு, ஸ்கிரீன் தயாரிக்கும் சிரமமும் இல்லாமல் போயிற்று. பிலிமை வெளியே அச்சிட்டு வாங்கிக்கொண்டு, சூட்டுப் பலகை ஒன்றை மட்டும் வைத்துக்கூடக் கடை திறந்துவிடலாம்.

இவ்வளவு எளிதாகத் தொடங்கக்கூடிய தொழிலில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? ஒருவர் வாங்கிய இயந்திரத்தை அடுத்த வாரமே பக்கத்துக் கடைக்காரரும் வாங்கிவிடுவார். ஆகவே இயந்திரத்தை நம்பி இலாபக் கணக்குப் போடுவது மணல் மேல் வீடு கட்டுவது போல.

மணிக்கு என்ன செலவு?

புதிதாகக் கடை வைத்தவரிடம், "ஒரு டீ சர்ட்டுக்கு அச்சுக் கூலி எவ்வளவு?" என்று கேட்டால் உடனே விலை சொல்லிவிடுவார். "உங்கள் பட்டறை ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு செலவு?" என்று கேட்டால் விழிப்பார். நஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிறு பட்டறையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய். இரண்டு ஆட்களின் சம்பளம் 36,000. மின்சாரம் 5,000. கடன் தவணை 14,000. சில்லறைச் செலவு 3,000. ஆக 70,000 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்றால், மணிக்கு 350 ரூபாய் செலவு. மேஜையில் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த 350 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. முதலாளியின் உழைப்புக்குக் கூலி எங்கே? "என் கடைதானே, எனக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்பவர்கள் பலர். அதே மனிதர் வேறொருவரிடம் வேலைக்குப் போனால் சும்மாவா உழைப்பார்? அவருக்கு 20,000 ரூபாய் சேர்த்தால் மாதச் செலவு 90,000. மணிக்கு 450 ரூபாய். இதற்கு மேல் வருவதுதான் இலாபம். இதைக் கழிக்காமல், கல்லாவில் விழுந்ததை எல்லாம் இலாபம் என்று நினைப்பவர் தம் உழைப்பை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது இரண்டு ஆர்டர்களைப் பார்ப்போம். இரண்டும் மூன்று நிற அச்சு. ஒருவருக்கு 500 டீ சர்ட் வேண்டும். மற்றவருக்கு 25 போதும். ஸ்கிரீன் ஒன்றுக்குப் பிலிம், மருந்து, வலைத் தேய்மானம் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் என்றால், மூன்று ஸ்கிரீனுக்கு 600 ரூபாய். 500 உருப்படிக்கு வேலை நேரம் 14 மணி என்றால் 6,300 ரூபாய். இரண்டும் சேர்ந்து 6,900. உருப்படி ஒன்றுக்கு 13 ரூபாய் 80 காசு.

25 உருப்படிக்கு எவ்வளவு? ஸ்கிரீன் செலவு அதே 600 ரூபாய்தான். ஸ்கிரீன் தயாரித்து, நிறங்களைப் பொருத்தி, அச்சடித்து, காய வைத்து, மடித்துக் கட்ட 4 மணி நேரம் என்றால் 1,800 ரூபாய். ஆக 2,400. உருப்படிக்கு 96 ரூபாய்! மை விலையும் பனியன் விலையும் இதில் சேரவில்லை.

ஒரே படம், ஒரே மேஜை, ஒரே ஆட்கள். ஆனால் ஒன்றுக்கு 13 ரூபாய் 80 காசு. மற்றதற்கு 96 ரூபாய். இதை அறியாதவர் இரண்டுக்கும் 25 ரூபாய் என்று கூலி சொல்வார். பெரிய ஆர்டர் விலை அதிகம் என்று போய்விடும். சிறிய ஆர்டர் நஷ்டத்தோடு வந்து சேரும். நாள் முழுவதும் கடையில் கூட்டம் இருக்கும். மாதக் கடைசியில் கையில் காசு இராது.

வேலைக்கு ஏற்ற முறை

சிறிய ஆர்டர் வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. சிறிய ஆர்டருக்கு ஸ்கிரீன் ஏற்றதல்ல என்பதே பொருள். 25 உருப்படிக்கும் ஒற்றை உருப்படிக்கும் பிலிம் முறை பொருந்தும். ஸ்கிரீன் செலவே இல்லை. எத்தனை நிறமானாலும் ஒன்றுதான். ஆனால் பிலிமின் செலவு படத்தின் பரப்பளவைப் பொறுத்தது. மார்பு முழுவதும் பெரிய படம் என்றால் செலவு ஏறும். காற்றுப் புகாமல் உடம்பு புழுங்கும். நூற்றுக்கணக்கில் ஒரே படம் வேண்டும் என்றால் ஸ்கிரீனுக்கு ஈடு இல்லை.

விளையாட்டு வீரர்களின் பாலியஸ்டர் சட்டைக்கு "சப்ளிமேஷன்" முறை சிறந்தது. ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும், உரியாது, வெடிக்காது. ஆனால் பருத்தியில் அது நிற்காது. கறுப்புத் துணியிலும் எடுபடாது. பருத்தியில் பல நிறப் புகைப்படம் ஒன்றிரண்டு மட்டும் வேண்டும் என்றால், துணி மேலேயே மை தெளிக்கும் இயந்திரம் உதவும். ஆனால் கறுப்புத் துணி என்றால் முதலில் ஒரு மருந்து பூசி, வெள்ளை மையால் அடித்தளம் போட வேண்டும். செலவு கூடும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கி வைக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. ஒரு முறையில் தேர்ச்சி பெற்று, மற்ற வேலைகளை அந்தந்த முறையில் வல்ல பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவதே புத்திசாலித்தனம். அச்சிடும் இயந்திரத்தை மையோடு நாள் கணக்கில் சும்மா நிறுத்தினால் அதன் நுண்ணிய துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். ஓடாத இயந்திரமும் செலவு வைக்கும்.

பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது?

"என்னங்ணா, பக்கத்துக் கடையில பத்து ரூபாய் கம்மியாத் தர்றாங்களே!" இந்த வாசகத்தைக் கேட்காத கடைக்காரர் கிடையாது. கேட்டதும் பதறிப்போய்ப் பத்து ரூபாய் குறைப்பவர்களே அதிகம். அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வரும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

அது மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும். முதலாவது, துணி. பனியன் துணியின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். 180 என்று சொல்லி 160 கிராம் துணியைக் கொடுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு பஞ்சு மாயமாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனைச் சாலை தேவையில்லை. வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டியெடுக்கும் கருவி உண்டு. வெட்டிய துண்டு 1.8 கிராம் இருந்தால் துணி 180, 1.6 இருந்தால் 160. வாடிக்கைக்காரர் முன்னாலேயே நிறுத்துக் காட்டும் கடைக்காரரிடம் யார் பேரம் பேசுவார்கள்?

இரண்டாவது, சூடு. ஸ்கிரீன் அச்சில் பெரிதும் பயன்படும் பிளாஸ்டிசால் மை, வெயிலில் வைத்தால் காயும் மை அல்ல. மையின் முழுக் கனமும் ஏறக்குறைய 160 டிகிரி சூடு ஏற வேண்டும். வேகமாக வேலையை முடிக்க வேண்டும் என்று அரைச் சூட்டில் எடுத்தால், மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போலத்தான் தெரியும். இரண்டாவது சலவையில் வெடித்து உதிரும். டீ சர்ட் கெட்டால் ஓர் உருப்படியோடு போயிற்று என்று நினைக்கக்கூடாது. அதில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது. கம்பெனியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் உதிர்ந்து நிற்பதை ஊரே பார்க்கும். அச்சடித்த கடையின் பெயரும் அதோடு சேர்ந்து உதிரும்.

மூன்றாவது, தொழிலாளியின் கூலி. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். அந்த வாரக் கூலியை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் சமையலும். விலையைக் குறைத்த முதலாளி கடைசியில் கை வைப்பது இந்தக் கூலியில்தான். கூலி குறைந்தால் கைதேர்ந்த ஆள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். புதிய ஆள் பழகும் வரை கெடுவது முதலாளியின் துணி.

துணியிலும், சூட்டிலும், கூலியிலும் கை வைக்காமல் பத்து ரூபாய் குறைக்க ஒரே ஒரு வழி உண்டு. சேதாரத்தைக் குறைப்பதுதான் அது. ஒரு கணக்கு: வாடிக்கைக்காரர் கொடுத்த 100 பனியனில் உருப்படிக்கு 15 ரூபாய் கூலிக்கு அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். வரவு 1,500 ரூபாய். மூன்று பனியன் கெட்டுவிட்டது; பனியன் விலை 140 ரூபாய். ஈடு கட்ட வேண்டியது 420 ரூபாய். கூலியில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! நூற்றுக்கு மூன்று என்பது கேட்கச் சிறிய எண். ஆனால் பட்டறையைக் கவிழ்க்க அது போதும்.

தவறினால் விற்க முடியாத சரக்கு

ஜவுளிக் கடைக்கும் இந்தத் தொழிலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஜவுளிக் கடையில் தீபாவளிக்கு விற்காத சட்டை பொங்கலுக்கு விற்கும். பொங்கலுக்கும் விற்காவிட்டால் ஆடித் தள்ளுபடியில் போகும். ஒரு பள்ளியின் பெயரும் விளையாட்டு விழாவின் தேதியும் அச்சடித்த டீ சர்ட்டை அந்தப் பள்ளி வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? துடைக்கும் துணியாகத்தான் போகும்.

ஆகவே இரண்டு கட்டுப்பாடுகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, முன்பணம். துணி வாங்கும் செலவாவது முன்பணமாக வராமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. மற்றது, எழுத்து மூலமான சம்மதம். படம், நிறம், அச்சின் அளவு, எந்த அளவில் எத்தனை உருப்படி, பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். "சண்முகம்" என்பது "சண்முகன்" ஆகிவிட்டால் அந்தச் சட்டையை எந்தச் சண்முகமும் போட மாட்டார். முடிந்தால் ஒரு மாதிரி உருப்படியை அச்சடித்து, துவைத்துக் காட்டிவிடுவது நல்லது. பருத்திப் பனியன் முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்குவது உண்டு. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

நாள் தவறுவதும் இதே போன்றதுதான். சாதாரணச் சரக்கு ஒரு நாள் தாமதமானால் கோபம் வரும், அவ்வளவுதான். கோயில் திருவிழாவுக்குக் கேட்ட டீ சர்ட் திருவிழாவுக்கு மறுநாள் வந்தால் அதன் விலை பூஜ்யம். ஆகவே, "வியாழக்கிழமை முடியாது, சனிக்கிழமை முடியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வேண்டும். "பார்க்கலாம், கொடுத்துவிடலாம்" என்று ஆர்டரை வாங்கிக்கொண்டு கைப்பேசியை அணைத்து வைப்பவர்களால்தான் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். ஐந்து பத்து அதிகமானாலும் நாள் தவறாத கடையைத் தேடி வருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

யாருக்கு அச்சடிப்பது?

எல்லோருக்கும் எல்லாம் அச்சடிப்பேன் என்று பலகை மாட்டியவர் விலையில் மட்டுமே போட்டியிட முடியும். ஒரு வகை வாடிக்கைக்காரரைத் தேர்ந்துகொண்டு, அவருடைய தேவையை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவருக்கு அந்தக் கவலை குறைவு.

பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளியிலும் நான்கு அணிகள், நான்கு நிறங்கள். ஆண்டுதோறும் புதிய குழந்தைகள் சேர்கிறார்கள். பழைய குழந்தைகள் வளர்கிறார்கள். ஒரு முறை செய்த ஸ்கிரீன் பத்திரமாக இருந்தால் அடுத்த ஆண்டு அந்தச் செலவு இல்லை. பள்ளியின் பெயர், மையின் நிற எண், துணியின் கனம், எந்த வகுப்புக்கு எந்த அளவு எத்தனை என்பதை ஒரு பேரேட்டில் குறித்து வைத்திருக்கும் கடைக்காரர், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே தாமாகச் சென்று, "சென்ற ஆண்டு இத்தனை வாங்கினீர்கள்; இந்த ஆண்டு எத்தனை?" என்று கேட்கலாம். அந்தப் பேரேடு புதிய இயந்திரத்தைவிட மதிப்புள்ளது. இயந்திரத்தைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட முடியும். பேரேட்டை வாங்க முடியாது.

ஓட்டல், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், கூரியர் நிறுவனம் ஆகியவையும் இப்படித்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பத்துப் பத்தாகச் சீருடை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். திருவிழாவும் தேர்தலும் மாரத்தான் ஓட்டமும் திடீரென்று வரும் மழை. சீருடை வேலையோ வற்றாத கிணறு. கிணற்றை வைத்து வாடகையும் சம்பளமும் கட்டிவிட்டு, மழை பெய்தால் பிடித்துக்கொள்வதுதான் விவேகம்.

மழையை மட்டும் நம்புவது ஆபத்து. 2020 செப்டம்பரில் "இந்தி தெரியாது போடா" என்ற வாசகம் பொறித்த டீ சர்ட் திடீரென்று பரவியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஊரடங்கில் வாடியிருந்த பட்டறைகளுக்கு அது நல்ல காலம். ஆனால் அந்த வாசகம் எந்தக் கடைக்கும் சொந்தமானதல்ல. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இத்தகைய அலையில் முதலில் இறங்கியவருக்குப் பலன் உண்டு. அலை என்றைக்கும் நிற்கும் என்று எண்ணி ஆயிரக்கணக்கில் அச்சடித்து அடுக்கி வைப்பவருக்குக் கிடங்கு வாடகைதான் மிஞ்சும்.

இரவல் படம் வேண்டாம்

விற்பனை வேண்டும் என்பதற்காகச் சினிமாப் படக் காட்சி, கிரிக்கெட் அணியின் சின்னம், வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை ஆகியவற்றை அனுமதியில்லாமல் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்பது அவர்கள் சமாதானம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இந்தக் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார முத்திரையைத் திருடினால் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீட்டுச் சட்டம் தனியே பாயும்.

இதற்குப் பயந்து தொழிலை விட வேண்டியதில்லை. வாடிக்கைக்காரரின் சொந்தச் சின்னத்தையும் சொந்தப் படத்தையும் அச்சடிக்கத் தடையே இல்லை. 1921-இல் மறைந்த பாரதியாரின் எழுத்து இன்று நாட்டுக்கே பொதுச் சொத்து. ஓர் ஓவியரை அமர்த்திக் கூலி கொடுத்து, உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு வரையச் சொன்னால் அந்தப் படம் கடையின் சொத்தாகிவிடும். இரவல் படத்தை எல்லோரும் அச்சடிப்பார்கள். அதில் விலைப் போட்டிதான் மிச்சம். சொந்தப் படத்துக்குத்தான் சொந்த விலை சொல்ல முடியும்.

கடனும் வரியும்

விலை சொல்லும்போது வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை விற்கும் ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 300 ரூபாய் வீதம் 25 உருப்படி என்றால் 7,500 ரூபாய். வரி 375 ரூபாய். பதிவு பெற்ற கடைக்காரர் இதை முதலில் சொல்ல மறந்தால் பிறகு தம் பையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கடன். பெரிய கம்பெனியின் ஆர்டர் என்றதும் சிறு கடைக்காரர் மயங்கிவிடுகிறார். சரக்கு போய்விடுகிறது, பணம் மூன்று மாதம், நான்கு மாதம் ஆகியும் வருவதில்லை. நூல்காரரும் பனியன்காரரும் காத்திருப்பார்களா? மாட்டார்கள். கணக்கில் இலாபம் இருந்தும் கையில் காசில்லாமல் மூடிய பட்டறைகள் ஏராளம்.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது என்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான் கெடு. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இருந்தும், கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயந்து பலர் வாய் திறப்பதில்லை. பணம் தராதவரின் அடுத்த ஆர்டரால் என்ன பயன்? அதுவும் பாக்கிதானே!

ஆற்றை மறந்த தொழில்

இன்னொரு பாடத்தையும் திருப்பூர் கற்பித்திருக்கிறது. சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடிக்க நினைத்து நொய்யல் ஆற்றில் விட்டார்கள். கீழே உள்ள விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. விலையைக் குறைப்பதற்காக விட்டுவிட்ட செலவு, ஒரு நாள் வட்டியோடு வந்து வாசலில் நின்றது.

அச்சுப் பட்டறையில் ஸ்கிரீன் கழுவும் நீர் அந்த அளவு இராது. ஆனால் மையையும் மருந்தையும் அப்படியே சாக்கடையில் கொட்டுபவர் அதே தவற்றின் சிறிய பதிப்பைத்தான் செய்கிறார். ஸ்கிரீனில் மிஞ்சிய மையை வழித்து டப்பாவில் சேர்த்துவிட்டுக் கழுவினால் சாக்கடைக்குப் போவதும் குறையும். மைச் செலவும் மிச்சம்.

செய்ய வேண்டியது

தொழிலில் இருப்பவர்கள் விலையைப் பற்றிப் பேசவே வெட்கப்படுகிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குறைக்கிறார்கள். ஒரு தெருவில் உள்ள பத்துக் கடைக்காரர்களும் பத்து ரூபாய் குறைத்தால் அந்தத் தெருவுக்கு வரும் வாடிக்கைக்காரர் தொகை கூடிவிடுமா? பத்துப் பேருக்கும் பத்து ரூபாய் நஷ்டம் என்பதுதான் முடிவு. அதற்குப் பதில், ஒருவர் பள்ளிக்கும், ஒருவர் விளையாட்டுச் சட்டைக்கும், ஒருவர் ஒற்றை உருப்படிக்கும் பெயர் பெற்றால் ஒருவருடைய வேலையை ஒருவர் அனுப்பிக் கொடுத்து எல்லோரும் வாழலாம்.

அரசாங்கமும் வங்கிகளும் இயந்திரத்துக்குக் கடன் கொடுப்பதோடு தங்கள் கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது. இயந்திரத்தை ஓட்டப் பழக்குவதைப் போலவே செலவுக் கணக்குப் போடவும் பழக்க வேண்டும். ஒரு மணி நேரச் செலவைக் கணக்கிடத் தெரியாத இளைஞருக்கு ஐந்து லட்சம் கடன் கொடுப்பது உதவி ஆகாது. அவர் வீட்டு நகைக்கு வைக்கும் உலை அது.

வாங்குபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 199 ரூபாய்க்கு வாங்கி இரண்டு சலவையில் எறிவதும், 250 ரூபாய்க்கு வாங்கி இரண்டு ஆண்டு அணிவதும் ஒன்றல்ல. எது மலிவு என்று கணக்குப் பார்க்க வாங்குபவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இந்தத் தொழிலில் இன்னும் இடம் இருக்கிறது. பள்ளிகள் இருக்கும்வரை, திருவிழாக்கள் இருக்கும்வரை, தன் பெயரைத் தன் சட்டையில் பார்க்க மனிதன் ஆசைப்படும்வரை வேலைக்குப் பஞ்சம் இல்லை. புதிதாக இறங்க நினைக்கும் இளைஞர், இயந்திரக் கடைக்குப் போகும் முன் ஒரு நாள் மாலை உட்கார்ந்து, வாடகை, கூலி, மின்சாரம், தவணை, தம் சம்பளம் ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டட்டும். மணிக்கு இவ்வளவு என்று வரும் அந்த எண்ணைச் சுவரில் எழுதி மாட்டட்டும். அதற்குக் கீழே கேட்கும் வாடிக்கைக்காரரை, இன்முகத்தோடு பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைக்கட்டும்!